பந்துல காத்து கம்மி

ஏணிக்கு அந்தப் பெயர் வந்து பதினேழு வருடம் ஆகிறது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் கூடைப்பந்து அரங்கத்துப் பக்கம் சும்மா எட்டிப் பார்த்தாள். சாமான் அறையின் மேல் தட்டுக்குப் போய்விட்ட பந்தை எடுக்க நாலைந்து பேர் ஏணி தேடிக்கொண்டிருந்தார்கள். இவள் கையை நீட்டி எடுத்துக் கொடுத்தாள். அதோடு அவர்கள் தேடுவதை விட்டுவிட்டார்கள், இவளை விடவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்குப் பிறகு சான்றிதழ்களில் மட்டும்தான் புழங்கியது.

அதே அரங்கத்துக்கு இப்போது உதவிப் பயிற்சியாளராக வந்திருக்கிறாள். பத்து வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில், கால் நீட்ட இடமில்லாத மேஜைக்கு அடியில் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் வந்தாள். இங்கே மூன்று மாதம் சோதனைக் காலம். முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் 'இவர் வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு கடிதம் எழுதுவார். வேண்டாம் என்று எழுதிவிட்டால் திரும்பிப் போக அந்த மேஜைகூடக் கிடையாது. அளவான கால் உள்ள ஒருத்தி அதில் உட்கார்ந்தாயிற்று.

கடிதம் எழுதப் போகிறவள் யார் என்பதுதான் இதில் வேடிக்கை. ஏணி கேப்டனாக இருந்த வருடம் முதலாமாண்டு படித்த ஒரு பொடிசு. ஐந்தடியைத் தாண்டாத உயரம். ஒரு ஆட்டத்தில்கூட இறக்கப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருந்தவள். அவளிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் மத்தியானத்துக்குள் காலேஜ் பூராவும் தெரிந்துவிடும் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அந்த ரேடியோவின் கழுத்தில் இப்போது விசில் தொங்குகிறது. ஏணி வாசலில் நின்று மரியாதையாக "மேடம்" என்றாள். ரேடியோ பதறிப்போனாள்.

"ஐயோ அக்கா, என்னைப் போய் மேடம்ங்கறீங்க. சும்மா வாங்க."

வந்த கையோடு பதினொரு பெண்களையும் வரிசையாக நிறுத்தி அறிமுகப் படலத்தை ஆரம்பித்துவிட்டாள். நான் வருடா வருடம் சொல்வேனே, அந்த அக்கா இவங்கதான் என்றாள். இறுதி ஆட்டத்தில் முட்டி போன பிறகும் மூன்று நிமிடம் ஒற்றைக் காலில் ஆடியவர், கடைசியில் தூக்கிக்கொண்டு போகும்போதும் பந்தைக் கேட்டவர். பெண்கள் பதினொரு பேரும் ஏணியின் முட்டியைப் பயபக்தியோடு பார்த்தார்கள். ஏணி அடக்கமாக வலது முட்டியைத் தடவிக்கொண்டாள். அப்புறம்தான் அது இடது முட்டி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பது ஞாபகம் வந்து கையை மாற்றினாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். அந்த முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, எந்த முட்டிக்கும் ஆகவில்லை. கடைசி மூன்று நிமிடத்தில் ஏணிக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. கால் பின்னியது, நாக்கு தள்ளியது, தரையில் விழுந்தாள். ஓடி வந்தவர்கள் என்னாச்சு என்னாச்சு என்று கேட்க, முட்டி என்று வாயில் வந்துவிட்டது. மூன்று புள்ளியில் கோப்பை போயிற்று. வாயில் வந்த முட்டி மட்டும் பதினாலு வருடமாகக் கூடவே இருக்கிறது. விருந்தாளி வந்தால் மாடிப்படியில் லேசாக நொண்டுவது வரை பழகிவிட்டாள்.

ரேடியோவுக்கு ஒரே ஒரு கவலைதான். நாலு குவார்ட்டர் ஆட்டத்தில் மூன்று குவார்ட்டர் நன்றாக ஆடுகிறார்கள், நாலாவது குவார்ட்டரில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். போன வருடம் ஏழு ஆட்டம் இப்படியே போயிற்று. இவர்களுக்கு எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் அக்காவின் முதல் வேலை. அதைச் செய்துவிட்டால் கடிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன் என்றாள்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஏணிக்கு முழுசாக இருபது நிமிடம் ஆகவில்லை.

பந்தைத் தட்டிக்கொண்டே கோட்டைத் தொட்டுத் திரும்பும் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓட்டங்களிலேயே உயிரை எடுக்கிற ஓட்டம் அது. மூன்றாவது சுற்றில் கொக்கு என்று மற்றவர்கள் கூப்பிடும் நெட்டைப் பெண், அவள்தான் கேப்டன், சட்டென்று நின்றாள். கையிலிருந்த பந்தைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். சாவுச் செய்தி சொல்ல வந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு ரேடியோவிடம் போனாள்.

"மேம், பந்துல காத்து கம்மி."

ஏணிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. இருமி மறைத்தாள். அந்த வாக்கியம், 'கம்மி'யில் வரும் அந்த இழுப்பு, கட்டைவிரல் அமுக்கு, அந்த இழவு முகம், நாலுமே அவள் கண்டுபிடித்தவை. பந்தில் காற்றில்லை என்றால் பம்ப் வரவேண்டும். பம்புக்கு ஊசி வேண்டும். ஊசி இருக்காது. தேடிக் கண்டுபிடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் எல்லோரும் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். ஊசி ஏன் இருக்காது என்றால், அதை ஒளித்து வைத்ததே இவர்கள்தான். டிமிக்கி என்றாலும் இப்படி ஒரு நேர்த்தியான டிமிக்கி அந்தக் கல்லூரியில் அதற்கு முன் நடந்ததில்லை என்று ஏணிக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

ரேடியோ விசிலை ஊதிவிட்டு அவளே சாமான் அறைக்கு ஓடினாள். பெண்கள் சுவரோரம் சரிந்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்து ஊசி எப்படியோ ஜன்னல் விளிம்பில் 'கிடைத்தது'. கேப்டனிலிருந்து கேப்டனுக்கு, பதினாலு தலைமுறை கைமாறி வந்திருக்கிறது இந்தத் தந்திரம். ஆரம்பித்து வைத்தவள் பெயர் இவர்கள் யாருக்கும் தெரியாது.

மத்தியானம் அரங்கம் காலியானதும் ஏணி குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே மாட்டியிருந்த படத்தின் கீழே போய் நின்றாள். அவள் வருடத்து அணியின் படம், இரண்டாம் பரிசுக் கேடயத்தோடு. நடுவில் இவள். ஓரத்தில் சட்டத்தால் பாதி வெட்டுப்பட்டு, தண்ணீர் கேனுக்குப் பின்னால் ரேடியோ. கையை உயர்த்திச் சட்டத்தின் பின்பக்க இடுக்கைத் துழாவினாள். அணியிலேயே நெட்டையானவளுக்குத்தான் அந்த இடுக்கு எட்டும். அதனால்தான் அந்த இடம். ஒரு ஊசி கைக்கு வரும் என்று நினைத்தாள். கொத்தாக வந்தது. காணாமல் போனதற்குப் பதிலாக வாங்கி, அதுவும் காணாமல் போய், இப்படியே வருடக்கணக்கில் சேர்ந்தவை. எண்ணிப் பார்த்தாள், பத்தொன்பது.

சிரிப்பு பாதியில் நின்றது. இந்தப் பெண்கள் நாலாவது குவார்ட்டரில் ஏன் விழுகிறார்கள் என்பது மட்டுமல்ல, தான் ஏன் விழுந்தோம் என்பதும் உள்ளங்கையில் கிடந்தது. அன்றைக்கு இவள் வாய்க்கு வந்த முட்டி யாரை ஏமாற்றியதோ இல்லையோ, இவளை நன்றாக ஏமாற்றியிருந்தது. ரேடியோவிடம் போய்ச் சொன்னால் ஓட்டை அடைபடும். ஆனால் இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா என்று அடுத்த கேள்வி வரும். அந்த நூலைப் பிடித்து இழுத்தால் முட்டிவரை வரும். முட்டி போனால் அக்கா போனாள், அக்கா போனால் கடிதம் போயிற்று.

ஆகவே சொல்லவில்லை. பத்தொன்பது ஊசியையும் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். துணி துவைக்கப் போட்ட கணவர், பாக்கெட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, கோணிப்பை தைக்கிற வேலையா கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளும் மூன்றாவது சுற்றில் பந்தில் காற்று கம்மியானது. ரேடியோ ஓடினாள், ஊசி இல்லை. ஏணி மெதுவாகப் பக்கத்தில் போய், காற்று அடிக்கிற வரைக்கும் பந்து எதற்கு, சும்மாவே ஓடட்டுமே என்று பச்சைப்பிள்ளை மாதிரி யோசனை சொன்னாள். ரேடியோவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஊசி வரும்வரை கோட்டைத் தொடும் ஓட்டம் என்று அறிவித்தாள். கொக்கு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் படத்துப் பக்கம் போய்க் கையை விட்டாள். எடுத்தபோது கை வெறுமையாக இருந்தது. மறுபடி விட்டாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று ஏணிக்குத் தோன்றியது.

அன்று நாற்பது நிமிடம் ஓடினார்கள். மறுநாளும் ஓடினார்கள். ஊசியை எடுத்தது யார் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே ஓடினார்கள். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டால் ஒளித்து வைத்த கதை வெளியே வந்துவிடும். பத்து நாளில் ஆறு பந்துகளும் நிஜமாகவே தொய்ந்துபோய்விட்டன. பொய்யாகச் சொன்னது மெய்யாகிவிட்டதே என்று ஒருத்தி அழுதேவிட்டாள். நடுவில் ரேடியோ தானே கடைக்குப் போய் ஒரு புது ஊசி வாங்கி வந்து சாமான் அறை ஆணியில் மாட்டினாள். இவள் படித்த காலத்திலிருந்தே அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்க்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஏணி அதையும் கிளப்பிவிட்டாள். முப்பத்துநாலு வயதில் திருடுகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நெஞ்சு பத்தொன்பது வயதில் அடித்த மாதிரியே அடித்தது. பெண்களின் மூச்சு மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

அந்த இருபதாவது ஊசிதான் வினையாகிப்போனது. சாமான் அறைச் சாவி ஸ்டோர்க்காரரிடம் மட்டும்தான் உண்டு. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிற மனிதர். ஊசிகளை அவர்தான் வெளியே விற்றுவிடுகிறார் என்று ரேடியோ முடிவு கட்டி, முதல்வருக்கு அனுப்ப ஒரு புகாரைத் தயார் செய்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஸ்டோர்க்காரர் தொய்ந்த பந்துகளை வலைப்பையில் போட்டபடி ஏணியைக் கூப்பிட்டார். மேடமெல்லாம் இல்லை, பழைய பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்.

"ஏணி, ஊசி எல்லாம் உன்கிட்டதானே இருக்கு?"

உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். முதல் ஊசி காணாமல் போன அன்றைக்கே தெரியும் என்றார். பிள்ளைகள் ஓய்வெடுத்த நேரத்தில் தானும் ஒரு டீ குடித்தேன், இதில் யாருக்கு நஷ்டம் என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா. நீயே சொல்லிடுவேன்னு தெரியும்."

திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். இப்படிச் சொன்ன மனிதரை என்ன செய்வது. மறுநாள் காலை, பெண்கள் வருவதற்கு முன் ரேடியோவின் அறைக்குப் போய், கைக்குட்டையை மேஜைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

இருபது ஊசிகளையும் ரேடியோ பார்த்தாள். ஏணி எல்லாவற்றையும் சொன்னாள். படம், இடுக்கு, கட்டைவிரல் அமுக்கு, இப்போது தான் அடித்த கொள்ளை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல ரேடியோ ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ முட்டி?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு. ரெண்டுமே."

ரேடியோ தலையை ஆட்டினாள். முட்டிக்காகக் கத்துவாள் என்றுதான் ஏணி காத்திருந்தாள். வந்தது வேறு.

"இந்த ஊசி விஷயம் டீம்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்னு..."

"ஒவ்வொரு தடவையும் ஊசி தேடிட்டு வான்னு என்னைத்தானே அனுப்புவீங்க. நீங்க எல்லாரும் உக்காந்திருப்பீங்க. நான் ஓடிட்டிருப்பேன். எங்கெல்லாம் தேடியிருப்பேன் தெரியுமா?"

ஏணிக்குத் தெரியும். சாமான் அறை, மாடிப்படி அடி, குப்பைக்கூடை, ஒருதரம் பாத்ரூம் வரை. அந்தப் பொடிசு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, கிடைக்கலக்கா, மன்னிச்சிடுங்க என்று கையைப் பிசைந்து நிற்கும்போது சுவரோரம் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தவர்களில் இவள்தான் முதல் ஆள். அன்றைக்கு அது அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. இப்போது தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்த வருடம் அணியில் நிஜமாக ஓடியது ஒருத்திதான், அவளை ஒரு நிமிடம்கூட ஆட விடவில்லை.

மன்னிச்சிடு என்றாள். ரேடியோ ஸ்டோர்க்காரர் மேல் எழுதிய புகாரை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். ஒரு ஊசியை எடுத்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மற்றவற்றை இழுப்பறையில் தள்ளிப் பூட்டினாள்.

"உங்க லெட்டரை டோர்னமென்ட் முடிஞ்சு எழுதறேன், மிஸ்."

மிஸ். அக்கா போய்விட்டாள் என்று ஏணிக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம். பந்துகளுக்குக் காற்று வந்தது, ஓட்டம் மட்டும் குறையவில்லை. எப்போது ஒலிபரப்பு ஆரம்பமாகும் என்று ஏணி தினமும் பயந்தபடி வந்தாள். பெண்கள் தன் முட்டியைப் பார்த்துச் சிரிக்கப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒருத்தி முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஊசி எப்படித் திரும்பி வந்தது என்றே புரியாமல் கொக்கு இன்னமும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். ரேடியோ யாரிடமும் மூச்சு விடவில்லை. ஸ்டோர்க்காரரே ஒருநாள் ரகசியமாக வந்து, என்னம்மா, ரேடியோ ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார். 'மிஸ், கோன் எடுத்து வைங்க', 'மிஸ், நேரம் பாருங்க' என்று மட்டும் பேச்சு நடந்தது. எத்தனையோ பேர் எத்தனையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், எதற்கும் கோபித்துக்கொள்ளாதவள், இந்த ஒரு மிஸ்ஸைக் கேட்டுவிட்டு வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

டோர்னமென்ட் நடந்தது அதே அரங்கத்தில். அரையிறுதியில் எதிர்அணி போன வருடம் இவர்களை அடித்து நொறுக்கிய அணி. மூன்று குவார்ட்டர் முடிந்தபோது இரண்டு புள்ளி பின்னால் இருந்தார்கள். நாலாவது குவார்ட்டர் ஆரம்பித்தது, ஏணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எதிர்அணிப் பெண்கள் இடுப்பில் கை வைத்தார்கள், பிறகு முட்டியில் கை வைத்தார்கள். நம் பெண்கள் எங்கேயும் கை வைக்கவில்லை. இப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர்கள் போல ஓடிக்கொண்டிருந்தார்கள். கொக்கு ஒரு பந்தைப் பிடுங்கிக்கொண்டு கோட்டுக்குக் கோடு தனியாக ஓடிப் போட்டாள். திரும்பி வரும்போது வாய் மூடித்தான் இருந்தது. இன்னும் நாற்பது நொடி பாக்கி, பதினோரு புள்ளி முன்னிலை. தான் விழுந்த இடம் ஏணி உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடிகூட இருக்காது. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

அப்போது பந்து வெளியே போய் நடுவர் கைக்கு வந்தது. ரேடியோ எழுந்தாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டு ஓரம்வரை நடந்துபோனாள். பின்னாலிருந்து அவள் முகம் ஏணிக்குத் தெரியவில்லை, குரல் தெளிவாகக் கேட்டது.

"சார், பந்துல காத்து கம்மி."

'கம்மி'யில் அந்த இழுப்பு அச்சு அசலாக இருந்தது. மைதானத்தில் நின்ற ஐந்து பெண்களும் பெஞ்சில் இருந்த ஆறு பெண்களும் ஒரே நேரத்தில் கல்லாய்ச் சமைந்தார்கள். கொக்கின் கண் குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே இருந்த படத்துக்கு ஒருமுறை போய்விட்டுத் திரும்பி வந்தது. நடுவர் பந்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். சரியாகத்தான் இருக்கிறது என்றார். அப்படியா, எனக்கு அப்படித் தோன்றியது என்று சொல்லிவிட்டு ரேடியோ திரும்பி வந்து உட்கார்ந்தாள். சாவுச் செய்தி சொல்ல வந்த முகம் இன்னும் அப்படியே இருந்தது.

ஏணி தாங்க முடியாமல் குனிந்து காதோரம் கேட்டாள். "மேடம், நம்ம பொண்ணுங்களுக்கு ஓய்வே வேண்டாமே. அவங்கதான் நாக்குத் தள்ளி நிக்கறாங்க. இப்போ எதுக்கு இது?"

"எல்லாரும் சொன்னீங்க. நானும் ஒரு தடவை சொல்லிக்கறேன்."

ஆட்டம் மறுபடி ஓடியது. பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினார்கள். ரேடியோ ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, ஊசியைக் காணோம். கொஞ்சம் தேடிட்டு வாங்க."

ஏணி அவளைப் பார்த்தாள். சட்டைப் பாக்கெட்டின் மேல் விளிம்பில் ஊசி முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறைக்கக்கூட இல்லை.

"எங்க தேட?"

"எல்லா இடத்துலயும். ஓடுங்க."

ஏணி எழுந்து ஓடினாள். சாமான் அறைக்கு, மாடிப்படி அடிக்கு, குப்பைக்கூடைக்கு, பாத்ரூம் வரைக்கும். வாசலில் ஸ்டோர்க்காரர் டீயோடு வழிவிட்டு நின்றார். பின்னால் ஆட்டம் முடிந்த விசில் கேட்டது, பதினொரு பெண்களும் அப்போதுதான் அடக்கியதை எல்லாம் விட்டுச் சிரித்தார்கள். மூச்சு வாங்கத்தான் செய்தது. முட்டி இரண்டும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.